கேட்காத அம்மாவுக்கு மூணு கவிதை

எங்க அண்ணன் ஆரோன் எழுதுன கவிதை ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு நான் கோயிலை விட்டு வெளிய வரும்போது வந்துச்சு. தம்பி அன்பரசு எழுதுனது மத்தியானம் வந்துச்சு. ரெண்டு பேரும் குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டு, கீழ கைகூப்பற படம் நாலஞ்சு, அழுகிற மூஞ்சி ரெண்டு. ரெண்டையும் படிச்சு முடிச்சதும், ஆட்டுக்கறி வாங்கப் போனவ வெறும் பையோட ஊட்டுக்கு வந்துட்டேன்.

விஷயம் இதுதான். எங்க அம்மா இன்னாசிமேரி செத்து ஏழு மாசம் ஆச்சு. மார்ச்சுல அடக்கம் பண்ணுனப்போ மண்ணு மேல ஒரு மரச்சிலுவை நட்டுட்டு வந்தோம். மண்ணு அமுங்குனதுக்கு அப்பறந்தான் கல்லு வைக்கணும். நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். அன்னிக்கு ஃபாதர் வரிசையா வந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பார். அதுக்குள்ள அம்மா தலைமாட்டுல கறுப்பு கிரானைட் நிக்கணும். அதுல பேரு, பிறப்பு, இறப்பு, அப்பறம் நாலு வரி கவிதை. எங்க கோயில் பங்குல கவிதை இல்லாம யாரும் கல்லு வைக்கறதில்லை. வச்சா, "பெத்தவளப் பத்தி நாலு வார்த்தை சொல்ல நாதியில்லை பாரு"ன்னு பேசுவாங்க. ஒருக்கா வெட்டியாச்சுன்னா வெட்டுனதுதான். நாங்க மூணு பேரும் செத்ததுக்கு அப்பறமும் அந்தக் கல்லு அதையே சொல்லிக்கிட்டு நிக்கும். என்ற கவலையெல்லாம் அதுதான்.

என் பேரு ஜெனிட்டா. சங்ககிரியில ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துல பத்தாவதுக்குத் தமிழ் எடுக்கறேன். 'ஒரே கருத்துடைய இரு கவிதைகளை ஒப்பிட்டு எழுதுக' - அஞ்சு மார்க் கேள்வி. இருபத்திரண்டு வருஷமா இதைக் கேட்டு, பசங்க எழுதறதைத் திருத்தித் திருத்தி விரல்ல சிவப்பு மையே ஊறிப்போச்சு. எங்கிட்டப் போய் கவிதை அனுப்பலாமா இவனுங்க?

அண்ணன் ஓசூர்ல ஒரு ஃபேக்டரியில மேனேஜர். மோனை, எதுகை இல்லாம அவருக்குத் தும்மக்கூட வராது.

மெழுகாய் உருகி ஒளிதந்தாய்
மேன்மை யாவும் எமக்களித்தாய்
எதையும் எம்மிடம் கேட்காமல்
இறைவன் மடியில் துயில்கொண்டாய்

தம்பி திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கான். அவன் புதுக்கவிதை ஆளு.

அம்மா
நீ ஒரு மழை
எங்கள் வயலெல்லாம் பெய்தாய்
ஒரு நாளும் எங்களிடம்
குடை கேட்டதில்லை

ரெண்டையும் பிரிண்ட் எடுத்தேன். சிவப்புப் பேனாவைத் தூக்குனேன்.

மெழுகா? எங்க அம்மாவா? லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில முப்பத்தொரு வருஷம் தரையில உக்காந்து கோணூசியில தச்ச பொம்பளை. உள்ளங்கை செருப்பு அடியாட்டம் இருக்கும். தார்ப்பாய் கிழிஞ்சு போச்சுன்னு எந்த டிரைவராவது சண்டைக்கு வந்தா, "தையல் பிரிஞ்சிருந்தா காட்டுடா, நீ கம்பியில மாட்டிக் கிழிச்சதுக்கு நானா பொறுப்பு?"ன்னு ரோட்டு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கிற மாதிரி கத்தும். உருகற ஜாதியே கிடையாது அது. 'உவமை பொருந்தவில்லை'ன்னு எழுதுனேன். அரை மார்க்.

தம்பிக்கு: வயல் எங்கடா இருக்குது? மூணு சென்ட் ஓட்டு ஊடு, பின்னாடி ஒரு முருங்கை மரம். 'எங்கள் வயலெல்லாம்' - பொய். மழைக்கு எதுக்குடா குடை? மழையே குடை கேக்குமா? மண்டையில மூளை இருக்கா? அதுக்கும் அரை மார்க்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ரெண்டு கவிதையிலயும் கடைசிப் பாதியில ஒரே விஷயம். எதையும் கேட்காத அம்மா. அங்கதான் பேனா பேப்பரைக் கிழிச்சுப்போடுச்சு.

கேக்கலையா? எங்க அம்மாவா கேக்கலை?

மூணு வருஷம் கேட்டுச்சு. முட்டி ரெண்டும் போயிருச்சு. தரையில உக்காந்தே தச்ச முட்டி. குத்தவச்சு உக்கார்ற பழைய கக்கூஸ்ல உக்காந்தா எந்திரிக்க முடியாது. "உக்கார்ற மாதிரி கக்கூஸ் ஒண்ணு வச்சுக் குடுங்க சாமி"ன்னு மகனுங்க ரெண்டு பேர்த்துகிட்டயும் போன்ல கேட்டுச்சு. கிறிஸ்துமஸ்ஸுக்கு வந்தப்போ நேர்ல கேட்டுச்சு. அண்ணன், "ஊட்டையே இடிச்சுக் கட்டப் போறோம்மா, அப்ப ஒட்டுக்கா பண்ணிக்கலாம்"ன்னார். தம்பி, "என்கூட திருப்பூர் வந்துரும்மா, அங்க ரெண்டு இருக்குது"ன்னான். கூட்டிட்டும் போகலை, இடிச்சும் கட்டலை. அம்மா பாத்துச்சு. தார்ப்பாய்த் துணியை நாலு மடிப்பா மடிச்சு, ரெட்டைத் தையல் போட்டு, ஒரு வாரு தச்சு, கக்கூஸ் ஜன்னல் கம்பியில கட்டிக்கிச்சு. அதைப் புடிச்சு இழுத்துதான் எந்திரிக்கும். மார்ச் மாசம் ஒரு காலையில கம்பி செவுத்தோட பேந்துகிட்டு வந்துருச்சு. வாரு அறுகலை. அம்மா தச்சது எதுவும் அறுகாது. இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆஸ்பத்திரியில பத்தொம்பது நாள் கிடந்து போய்ச் சேந்துச்சு.

இதுல 'குடை கேட்டதில்லை'யாம். குடை கேக்கலைடா, கக்கூஸ் கேட்டுச்சு!

கடைசியில அந்த உக்கார்ற டாய்லெட்டைப் போன வருஷம் நவம்பர்ல நான்தான் வாங்கிப் போட்டேன். இந்தப் பெரிய மனுசனுங்க இல்லை, நான். அதையும் பேப்பர் ஓரத்துல சிவப்புல எழுதுனேன். ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சுக்கு ஒண்ணு. வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டு, போட்டோ எடுத்துக் குரூப்புல அனுப்பிவிட்டேன்.

அஞ்சு நிமிசத்துல அண்ணன் போன் அடிச்சார்.

"ஏன் ஜெனி, உனக்குக் கொஞ்சமாச்சும் இங்கிதம் இருக்குதா? குரூப்புல மருமக்கமாரு இருக்காங்க, பேரப்புள்ளைங்க இருக்காங்க. அதுல போய் கக்கூஸு அது இதுன்னு."

"அம்மா உங்ககிட்டக் கேட்டப்ப இங்கிதமா இருந்தீங்களே, அது போதாதுங்களாண்ணா?"

"வாயி! அம்மா வாயி அப்படியே உனக்கு. உன்ற பள்ளிக்கூடத்துப் பசங்களாட்டம் எங்களுக்கு மார்க் போடறியா? அவ்வளவு தெரிஞ்சவ நீயே எழுது. எழுதிக் கல்லுல போடு. ஆனா ஒண்ணு, யாரு கவிதையா இருந்தாலும் கீழ பேரு போடறப்போ முறைப்படி போடணும். மூத்தவன் பேரு மொதல்ல, அப்பறம் அன்பு, கடைசியில நீ. அப்பா கல்லுல எப்படி இருக்குதோ அப்படி."

தம்பியும் எழுதி அனுப்புனான்: 'அக்கா, நீயே முடிவு பண்ணு. எனக்கு ஆர்டர் டைம்.'

எழுதறேன்டா. எழுதிக் காட்டறேன். நாலு நாள் உக்காந்தேன். கிளாஸ்ல பசங்களுக்குத் தேர்வு வச்சுட்டு நான் மேஜையில இதை எழுதிக்கிட்டிருந்தேன். மெழுகு, மழை, தெய்வம், நிலா ஒண்ணும் வரக்கூடாது. அம்மா கையி இருக்கணும், தார்ப்பாய் இருக்கணும். வெள்ளிக்கிழமை வந்துச்சு:

ஊர் லாரிக்கெல்லாம் கூரை தைத்தவளே
உன் தலை நனைகிறதா என்று
ஒருவரும் பார்க்கவில்லை
நீயும் எதுவும் கேளாமலே போனாய்

எழுதி முடிச்சுப் படிச்சப்போ என் கண்ணே கலங்கிப்போச்சு. இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஸ்டாஃப் ரூம்ல கணக்கு டீச்சர் தனப்பிரியாகிட்டக் காட்டுனேன். "கடைசி வரி நெஞ்சைப் புடிக்குதுங்க மேடம்"ன்னா. நானும் பெருமையாத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் மூஞ்சியில கரி பூசறதுக்கு இது போதும்னு நெனச்சேன்.

சனிக்கிழமை காலையில மூணு கவிதையையும் எடுத்துக்கிட்டு, கல்லு வெட்டற நாச்சிமுத்து பட்டறைக்குப் போனேன். பைபாஸ் ஓரம், லாரி ஆபீசுங்களத் தாண்டி, கல்லு அறுக்கிற சத்தம் கேக்கும். அம்மா கல்லு பாலிஷ் போட்டு ரெடியா சாத்தி வச்சிருந்தார். கண்ணாடியாட்டம் இருந்துச்சு, என் மூஞ்சி தெரிஞ்சுது.

நாச்சிமுத்துகிட்ட ஒரு பழக்கம். வெட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு வரியையும் சத்தமாப் படிப்பார். ஒரு ஏத்த இறக்கம் இருக்காது, ரேஷன் கடையில பேரு கூப்பிடற மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் வந்தவங்க வாயால 'சரி' சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த வரி. "பொறவு வந்து அது தப்பு இது தப்புன்னா கல்லுல ரப்பர் போட முடியாதுங்களே"ன்னு சொல்லுவார்.

"எதைங்க டீச்சர் போடறது? மூணு இருக்குதே."

"என்றது. மூணாவது. மத்த ரெண்டும் சும்மா கொண்டு வந்தேன், பாருங்க என்ன லட்சணத்துல எழுதியிருக்காங்கன்னு."

அவர் மூணையும் மேஜையில பரத்தி வச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மொதல்ல இருந்து மூணையும் படிச்சார். அதே ரேஷன் கடைக் குரல். என் கவிதையும் அந்தக் குரல்ல ஒண்ணுமில்லாம போயிருச்சு, எரிச்சலா வந்துச்சு. படிச்சு முடிச்சுட்டுத் தலையைச் சொறிஞ்சார்.

"ஏனுங்க டீச்சர், அண்ணன் தம்பிக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லீங்க, ஒரு ஊட்டுல இருந்து மூணு கவிதை வந்தாலே சண்டைதானுங்க. எனக்கு இது பழக்கம். நான் என்ன பண்ணுவேன்னா, எல்லார்த்து கவிதையிலயும் எது ஒண்ணா இருக்குதோ அதை மட்டும் எடுத்து ஒத்தை வரியாப் போட்டுருவேனுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, எல்லாரும் சொன்னதுதானுங்களே. ரெண்டு மாசம் முன்ன ஒரு மில்லுக்கார ஊட்டுல அஞ்சு கவிதை, இப்படித்தான் முடிச்சு வச்சேன்." பென்சிலை எடுத்து மூணு பேப்பர்லயும் ஒவ்வொரு இடத்துல கோடு போட்டார். "இங்க பாருங்க. 'எதையும் எம்மிடம் கேட்காமல்'. இதுல 'ஒரு நாளும் கேட்டதில்லை'. உங்களுதுல 'எதுவும் கேளாமலே போனாய்'. மூணு பேரும் இதைத்தான் சொல்றீங்க. 'எதுவும் கேட்காமல் போன எங்கள் தாயே'ன்னு போட்டுருவோம். சரிங்களா?"

சரின்னு சொல்ல வாயைத் தொறந்தவ அப்படியே நின்னுட்டேன்.

மூணு பேப்பர். மூணு பென்சில் கோடு. இருபத்திரண்டு வருஷம் ஒப்பிடுக ஒப்பிடுகன்னு பசங்க உசுரை எடுத்தவளுக்கு, என் கவிதையில என்ன இருக்குதுன்னு கல்லு வெட்டறவர் கோடு போட்டாத்தான் தெரியுது.

நான் வாங்கிப் போட்டேன்னு சொன்னேனில்ல? வாங்கித்தான் போட்டேன். போட்டதோட சரி. நவம்பர்ல வந்த டாய்லெட் பெட்டி அம்மா ஊட்டு வாசல்லயே கிடந்துச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டு ரெண்டு நாள் வேலை, அவ்வளவுதான். என் ஊடு அம்மா ஊட்டுல இருந்து ரெண்டு தெரு. சாயங்காலம் சாயங்காலம் கொழம்பு கொண்டுட்டுப் போவேன். "ஜெனி, கொத்தனாரை வரச் சொன்னியா?"ன்னு கேக்கும். "அரைப்பரீட்சை முடியட்டும்மா." "ஜெனி, கொத்தனாரு?" "ரிவிஷன் டெஸ்ட் ஓடுது, பேப்பர் கட்டுக்கட்டா கிடக்குதும்மா." பனியில நனையுதுன்னு அம்மா அந்தப் பெட்டி மேல ஒரு தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையும் இழுத்துக் கட்டி வச்சுச்சு. பிப்ரவரியில ஒருநாள், "நான் சாகறதுக்குள்ள அதுல ஒருக்கா உக்காந்துருவேனா?"ன்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "சும்மா நச்சு நச்சுன்னு கேக்காதம்மா, முழுப்பரீட்சை முடியட்டும்"னு கத்திட்டு வந்தேன். அதுக்கு அப்பறம் அது கேக்கலை. அந்த மூணு வாரம் மட்டும்தான் எங்க அம்மா எதுவும் கேக்காம இருந்துச்சு.

அதைத்தான் நான் கவிதையா எழுதி, கண்ணு கலங்கி, அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கிட்டிருக்கேன். அண்ணன் எழுதுனது ஓட்டைப் பொய், யாரு படிச்சாலும் தெரியும். என்றது நல்லாத் தச்ச பொய். ஒரு தையல்கூடத் தெரியாது. த்தூ!

"டீச்சர்? சரிங்களா?"

"சரியில்லை! அதைப் போட்டீங்கன்னா கடப்பாறை எடுத்து நானே கல்லை உடைச்சுப்போடுவேன்!"

நாச்சிமுத்து பயந்துட்டார். மிஷின்ல நின்ன ஆளு திரும்பிப் பாத்தான். மூணு பேப்பரையும் சுக்குச் சுக்கா கிழிச்சேன், என்றதை மொதல்ல. அவர் மேல கத்தறதுக்கு ஒரு நியாயமும் இல்லைன்னு எனக்குத் தெரியும். கத்துனேன். அப்பறம் ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, மேஜையில கிடந்த துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தேன். அவர் வாங்கிப் பாத்தார். என்னையும் பாத்தார். பழக்கத்துக்குப் படிக்க ஆரம்பிச்சார்.

"இன்னாசிமேரி அமிர்தசாமி."

"சரி."

"தார்ப்பாய் தைத்தவர்."

"சரி."

"அம்மா கேட்டார்."

"சரி."

அடுத்த வரிக்குக் கொஞ்சம் நிறுத்துனார். "நாங்கள் செய்து தரவில்லை."

"சரி."

"கீழ பேருங்க, இந்த வரிசைதானுங்களா? உங்கப்பா கல்லுல நான் வெட்டுனதுக்கு மாறியிருக்கற மாதிரி தெரியுதே."

"அதேதான். சரி."

அண்ணனுக்கும் தம்பிக்கும் 'கல்லு ரெடி'ன்னு மட்டும் அனுப்புனேன்.

நவம்பர் ரெண்டு சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டம் திருவிழா மாதிரி இருந்துச்சு. ஊரே செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமா நிக்குது. அண்ணன் அண்ணியோட வந்தார், கையில மொழம் மொழமாப் பூ. தம்பி பின்னாடியே வந்தான். கல்லு முன்னாடி வந்து நின்னாங்க. படிச்சாங்க. அண்ணி பிரபா வாயில கையை வச்சுக்கிட்டாங்க. அண்ணன் மூஞ்சி சிவந்துச்சு, ஆனா சத்தம் போட முடியலை, பக்கத்துக் கல்லறைக்கு ஃபாதர் வந்துட்டார். அண்ணன் சட்டுன்னு குனிஞ்சு, பூச்சரத்தை அந்த ரெண்டு வரி மேல குறுக்கப் போட்டார். நான் எடுத்துக் கீழ வச்சேன். மறுபடியும் போட்டார். மறுபடியும் எடுத்தேன். அதுக்குள்ள ஃபாதர் வந்து நின்னார். குனிஞ்சு படிச்சார். மந்திரிச்சு, தீர்த்தம் தெளிச்சுட்டு அடுத்த கல்லறைக்குப் போயிட்டார்.

அவர் நகர்ந்ததும் அண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சார். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே நீ? ஊரு பூராம் படிச்சுட்டுப் போகுது. காறித் துப்புவாங்க."

"துப்பட்டுங்கண்ணா."

"கோவத்துல எங்க ரெண்டு பேரையும் அசிங்கப்படுத்தணும்னு பண்ணியிருக்கே. அதுலயும் பேரு! மூத்தவன் நான் கடைசி, பொட்டப்புள்ள உன் பேரு மொதல்ல! முறைன்னு ஒண்ணு இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்கண்ணா, முறைப்படிதான் போட்டிருக்கேன். நீங்க ஓசூரு, நாலு மணி நேரம். அன்பு திருப்பூரு, ரெண்டு மணி நேரம். நான் ரெண்டு தெரு. யாரு அம்மாவுக்குக் கிட்ட இருந்தாங்களோ அவங்க பேரு மொதல்ல. இது மரியாதை வரிசை இல்லைங்கண்ணா."

அண்ணன் மறுபடியும் கல்லைப் பாத்தார். ஜெனிட்டா. அன்பரசு. ஆரோன். கையில இருந்த பூவைக் கொண்டுட்டுப் போய்ப் பக்கத்துல அப்பா கல்லுல போட்டுட்டு, அங்கயே திரும்பாம நின்னுக்கிட்டார்.

தம்பி மெழுகுவர்த்தியைப் பத்த வச்சு, காத்துக்குக் கையை மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

"அக்கா, அம்மா ஊட்டு வாசல்ல கிடந்த பெட்டி இன்னும் அங்கயா இருக்குது?"

"அங்கதான்டா இருக்குது. அம்மா தார்ப்பாய் போட்டுக் கட்டி வச்சதுல ஒரு பொட்டு ஈரம்கூட உள்ள போகலை. புதுசாவே இருக்குது."